சிராப்பள்ளிக் குன்றமும் காவிரிக் காட்சியும்

திருச்சிராப்பள்ளி நகரின் நடுவே 273 அடி உயர்ந்து நிற்கும் குன்றினை நாடோறும் ஏறுவார் பலர். உச்சிப்பிள்ளையாரை வணங்கி, வடக்கே காவிரியையும் கொள்ளிடத்தையும், அவற்றிடைத் திருவரங்கத்தையும் திருவானைக்காவையும், மேற்கே உறையூரையும் கண்டு களித்து இறங்குவர். உச்சிக்குச் சற்றுக் கீழே, மகேந்திரவர்ம பல்லவன் கி.பி. 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் குடைவித்த குகைக்கோயிலுள் நின்று நோக்குவாரோ மிகச் சிலர். அக்காட்சி யார்பொருட்டு என்பதனைக் கல்லில் எழுதி வைத்தது அக்குகையே ஆதலின், அதனைப் பற்றி ஈண்டுச் சிறிது கூறுவாம்.

லளிதாங்குர பல்லவேச்சுர கிருகம் என்பது அதன் பெயர். லளிதாங்குரன் என்பது அம்மன்னன் விருதுப்பெயர்களுள் ஒன்று. மேற்குச் சுவரிற் கங்காதரர் திருவுருவம் விளங்குகின்றது. அதன் இருமருங்குமுள்ள தூண்களில் வடமொழிச் சுலோகங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஹுல்ஷ் என்னும் ஜெர்மானிய அறிஞர் அவற்றைத் தென்னிந்தியக் கல்வெட்டுக்களின் முதற்றொகுதியில் 1890-இல் வெளியிட்டனர்.

நிலத்திலுள்ள கோயிலில் இருந்துகொண்டு சோழரது வளநாட்டையும் காவிரியையும் காணுமாறு எங்ஙனம் என இறைவன் அன்போடு வினவ, குணபரன் முகில் தோயும் இம்மலைக்கோயிலை அளித்தான் என்பது ஒரு சுலோகத்தின் கருத்து. பிறிதொன்று இதனினும் நயமுடைத்து. ஆறுகளை விரும்பும் பெருமான் காவிரியின்பாலும் மனம்வைப்பரோ என ஐயுற்ற மலைமகள், தந்தை குலத்தை விட்டு ஈண்டே வந்து தங்கி, அந்நதி பல்லவனுக்கு உரியவள் என்று கூறிக்கொண்டிருக்கின்றாளாம்! சோணாட்டின்மீது பல்லவன் கொண்ட உரிமை இப்பத்தியினுள்ளே கரந்து நிற்றலை உய்த்துணர்க.

குணபரன் புறநெறியினின்று மீண்டமையும் இலிங்கத்தோடு சார்த்தி ஒரு சுலோகத்திற் குறிக்கப்படுகின்றது. அப்பரடிகளால் ஆட்பட்ட பல்லவ மன்னன் திருவதிகையிற் குணபரவீச்சரம் எடுப்பித்தான் எனச் சேக்கிழார் பெருமான் அருளியதை அன்பர்கள் அறிவர். சுலோகம் தருக்கநூற் சொற்களால் இருபொருள்பட அமைந்தமையின், அதனைச் சான்றாகக் கொள்ளத் தயங்குவாரும் உளர். எனினும் குணபரன் என்னும் பெயர் ஈரிடத்தும் ஒத்து நிற்றல் எளிதில் தள்ளற்பாலதன்று என்பது எமது துணிபு.

குகை தெற்கு நோக்கியது. காவிரியோ வடக்கே ஓடுவது. ஆதலின் கவி கருதியது குகைவாயிலை அன்று, குன்று முழுவதையுமே எனல் வேண்டும். உயிர்க்குக் காட்டுதலேயன்றி உடனின்று காணுதலும் இறைவன் செய்யும் உபகாரம் எனக் கொள்ளும் சித்தாந்திகட்கு, இறைவன் ஆற்றைக் காண விழைந்தான் என்பது வெறும் புனைந்துரையாகத் தோன்றாது.

காண்டற்கென்று மன்னன் எழுந்தருளுவித்த இலிங்கத் திருமேனி இன்று ஆண்டு இல்லை. கிழக்கிலுள்ள கருவறை வெறுமையாய்க் கிடக்க, எதிர்ச்சுவரிற் கங்காதரர் மட்டும் கங்கையைச் சடையில் ஏற்றபடி நிற்கின்றார்.