சாம்பல் பட்டியல் முறை

சாம்பல் பட்டியல் முறை என்பது, முன்பின் அறியாத கணினியிலிருந்து வரும் மின்னஞ்சலை உடனே ஏற்காமலும் அடியோடு மறுக்காமலும், சற்று நேரம் கழித்து மீண்டும் அனுப்பும்படி திருப்பிவிட்டு, அவ்வாறு மீண்டும் வந்தால் மட்டும் ஏற்றுக்கொள்வதன் மூலம் ஸ்பேம் எனப்படும் எரிதங்களைத் தடுக்கும் முறையாகும். எவன் ஹாரிஸ் 2003இல் வெளியிட்ட கட்டுரையால் இது பரவலாக அறியப்பட்டது. அஞ்சலின் உள்ளடக்கத்தை அலசும் கணினித் திறன் இதற்குத் தேவையில்லை என்பதால், சொந்த மின்னஞ்சல் வழங்கியைத் தாமே நடத்துவோரிடையே இம்முறை விரைவாக வேரூன்றியது.

மின்னஞ்சல் பரிமாற்றத்துக்கான எஸ்.எம்.டி.பி. நெறிமுறையில், பெறும் வழங்கி 4 என்று தொடங்கும் மூன்றிலக்க எண்ணை விடையாகத் தந்தால் தற்காலிகத் தடங்கல் என்றும், 5 என்று தொடங்கினால் நிரந்தர மறுப்பு என்றும் பொருள். தற்காலிக விடையைப் பெற்ற முறையான வழங்கி அஞ்சலைத் தன் காத்திருப்பு வரிசையில் வைத்திருந்து மீண்டும் முயலும். நச்சுநிரல் தொற்றிய வீட்டுக் கணினிகளிலிருந்து எரிதங்களைக் கொட்டும் நிரல்களில் பலவோ வரிசை எதையும் பேணாமல் அடுத்த முகவரிக்குத் தாவிவிடும். இந்த வேறுபாடே முறையின் அடித்தளம்.

அனுப்பும் கணினியின் ஐ.பி. முகவரி, அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி ஆகிய மூன்றின் சேர்க்கையை வழங்கி குறித்து வைக்கிறது. சேர்க்கை புதியதாயின் 450 அல்லது 451 என்ற விடை செல்லும். குறித்த நேரத்துக்குப் பின் அதே சேர்க்கை திரும்ப வந்தால் அஞ்சல் ஏற்கப்படும். போஸ்ட்பிக்ஸ் வழங்கியுடன் இணைந்து இயங்கும் போஸ்ட்கிரே மென்பொருளில் இந்த இடைவெளி இயல்பாக 300 நொடிகள், ஓபன்பி.எஸ்.டி. இயங்குதளத்தின் ஸ்பேம்டியில் 25 நிமிடங்கள். உள்ளடக்கம் வந்து சேரும் முன்பே முடிவு எடுக்கப்படுவது இம்முறையின் தலையாய சிறப்பு. அஞ்சலை ஏற்றுக்கொண்ட பிறகு திருப்பி அனுப்பும் வழங்கி, போலி அனுப்புநர் முகவரிக்கு உரிய அப்பாவி ஒருவரின் பெட்டியைக் குப்பையால் நிரப்புகிறது. ஏற்றபின் ஓசையின்றி அழிப்பதோ, நல்ல அஞ்சல் தொலைந்ததை அனுப்பியவருக்கே தெரியாமல் செய்துவிடுகிறது.

தாமதம்தான் இதன் பெருங்குறை. சில நிமிடங்களே செல்லுபடியாகும் ஓ.டி.பி. எண், காலாவதியான பின்னரே வந்து சேரக்கூடும். பெரிய அஞ்சல் நிறுவனங்கள் மறுமுயற்சியை வேறொரு ஐ.பி. முகவரியிலிருந்து மேற்கொள்வதால் ஒவ்வொரு முறையும் புதிய சேர்க்கை உருவாகித் தாமதம் நீளும் என்பதையொட்டி, போஸ்ட்கிரே முகவரியின் முதல் மூன்று பகுதிகளை மட்டும் ஒப்பிடுகிறது. 2012இல் ஆர்.எப்.சி. 6647 என்ற ஆவணம் இம்முறைக்கான பரிந்துரைகளைத் தொகுத்தது.

மறுமுயற்சி செய்யக் கற்றுக்கொண்ட எரித நிரல்களிடம் இம்முறை தனித்து நின்றால் பலிக்காது. எனினும், காத்திருக்கும் இடைவெளிக்குள் அவற்றின் ஐ.பி. முகவரி ஸ்பாம்ஹவுஸ் போன்ற அமைப்புகளின் தடைப்பட்டியலில் ஏறிவிட வாய்ப்புண்டு என்பதால், இரண்டையும் இணைத்துப் பயன்படுத்துவதே தனியார் வழங்கிக்குத் தக்கது.