ஒரே வேதம், இரண்டு சபைகள்



ஒரு தேசத்தின் திருப்புமுனைகள் என்றதும் போர்களும் சட்டங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. அமெரிக்க மக்களின் வரலாற்றிலோ ஆலயத்துக்குள்ளேயே நிகழ்ந்த திருப்பங்களும் உண்டு. இந்த வாரம் அவற்றைச் சற்று நிதானித்துத் தியானிப்போம்.

1619-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், ஏறக்குறைய 20 ஆப்பிரிக்கர்கள் வர்ஜீனியாவின் கரையில் இறக்கப்பட்டு விற்கப்பட்டனர். 1776-இல் வெளியான சுதந்திரப் பிரகடனம் மனிதர் யாவரும் சமம் என்று அறிவித்தது. அதை எழுதிய தாமஸ் ஜெஃபர்சனோ அடிமைகளை வைத்திருந்தார். 1787-இல் வரையப்பட்ட அரசியல் சாசனம், பிரதிநிதிகளின் எண்ணிக்கையைக் கணக்கிடுவதற்காக ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணியது.

ஆலயத்திலாவது சமத்துவம் இருந்ததா? பிலடெல்பியாவின் புனித ஜார்ஜ் மெதடிஸ்ட் ஆலயத்தில், முழங்காற்படியிட்டு ஜெபித்துக்கொண்டிருந்த அப்சலோம் ஜோன்ஸ் என்ற கறுப்பினச் சகோதரரை, அவ்விடத்தில் இருக்கக்கூடாது என்று சொல்லி நிர்வாகிகள் பிடித்து எழுப்பினர். ஜெபம் முடியும்வரை பொறுக்கும்படி அவர் வேண்டியும் அவர்கள் இணங்கவில்லை. ஜெபம் முடிந்ததும் கறுப்பின விசுவாசிகள் ஒருமித்து வெளியேறினர். அவர்களுள் ஒருவரான ரிச்சர்ட் ஆலன், அடிமையாகப் பிறந்து, தம் விடுதலையைத் தாமே உழைத்து விலைகொடுத்து வாங்கியவர். அவர் 1794-இல் பெத்தேல் ஆலயத்தை நிறுவினார். 1816-இல் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல் சபை உருவானபோது அதன் முதல் பேராயரானார். அவர்கள் அந்த ஆலயத்தை விட்டுப் போனார்கள். ஆண்டவரை விட்டுப் போகவில்லை.

அடுத்த திருப்பம் 1844-இல் வந்தது. அடிமைகளை உடைமையாகக் கொண்ட பேராயர் ஜேம்ஸ் ஆண்ட்ரூவின் காரியத்தில் மெதடிஸ்ட் சபை வடக்கு, தெற்கு எனப் பிளந்தது. மறு ஆண்டிலேயே பாப்டிஸ்டுகளும் பிரிந்தனர். பிலேமோனுக்கு எழுதப்பட்ட நிருபத்தைத் தென்னவர் எடுத்து, பவுல் ஒநேசிமுவை எஜமானிடம் திருப்பி அனுப்பவில்லையா என்று கேட்டனர். அவனை அடிமையாக அல்ல, சகோதரனாக ஏற்றுக்கொள்ளும்படி அதே நிருபம் வேண்டுவதை மறுதரப்பினர் சுட்டிக்காட்டினர். தேசம் இரண்டாகும் முன்பே சபை இரண்டாயிற்று.

1861-இல் உள்நாட்டுப் போர் மூண்டு, 6 லட்சத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். 1862 டிசம்பர் 31 இரவில் கறுப்பின மக்கள் ஆலயங்களில் கூடி, விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வரும் நாளை ஜெபத்தோடு எதிர்பார்த்து விழித்திருந்தனர். நம்முடைய வருடக் கடைசி இரவு ஆராதனையில் அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். 1865 மார்ச் 4 அன்று, வெற்றியின் வாசலில் நின்ற ஆபிரகாம் லிங்கன், இரு தரப்பினரும் ஒரே வேதத்தை வாசித்து ஒரே தேவனை நோக்கி ஜெபிக்கிறார்கள் என்றார். தேவன் எங்கள் பக்கம் என்று அவர் பெருமைபாராட்டவில்லை. இந்தப் போர் இரு தரப்பின் பாவத்துக்கும் வந்த நியாயத்தீர்ப்பாக இருக்கலாம் என்றே சொன்னார். ஆறு வாரங்களுக்குள், பெரிய வெள்ளி இரவில் அவர் சுடப்பட்டார். அவ்வாண்டு டிசம்பரில் 13-ஆம் திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது.

சட்டம் மாறிய பின்னும் சபை மாறத் தாமதித்தது. 1939-இல் மெதடிஸ்டுகள் மீண்டும் இணைந்தபோது, கறுப்பினச் சபைகளைத் தனிப் பிரிவாகவே வைத்தனர். தென் பாப்டிஸ்டுகள் தங்கள் தொடக்கத்தின் பாவத்துக்காக மன்னிப்புக் கேட்டது 1995-இல், 150 ஆண்டுகள் கழித்து.

பிரியமானவர்களே, வேதத்தை வாசித்தவர்களே சகோதரனை முழங்காலிலிருந்து எழுப்பிவிட்டார்கள். வேதம் நம் கையிலும் இருக்கிறது. நம் ஆலயத்தில் எவரேனும் தயங்கிக் கடைசி இருக்கையைத் தேடுகிறார்களா? நம் பிள்ளைகளின் திருமணப் பேச்சில் விசுவாசத்துக்கு முன்பாக எதை விசாரிக்கிறோம்? இந்த வாரம் பிலேமோன் நிருபத்தைக் குடும்பமாக வாசியுங்கள். அது ஒரே அதிகாரம்தான். நாம் சகோதரனாக ஏற்க மறுத்தவரின் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். தேவன்தாமே நமக்கு உணர்வுள்ள இருதயத்தைத் தருவாராக. ஆமென்.