தெருவில் இறங்கிய பேய்கள்

பேய்க்கதை என்றதும் முகஞ்சுழிப்பது நம்மிற் பலருக்கு வழக்கமாகிவிட்டது. மூடநம்பிக்கையின் எச்சம் என்று ஒரு சொல்லில் அதனை ஒதுக்கிவிடுகிறோம். ஆயின், மக்கள் எந்நிலையில், எவருக்கு அஞ்சி, எத்தகைய பேய்களைப் படைத்தனர் என்று வினவுவோமாயின், ஏடுகளில் இடம்பெறாத வரலாறொன்று அங்கே வெளிப்படும். கரிபியன் தீவான திரினிடாட்டின் களியாட்ட விழா இதற்குத் தக்க சான்றாகும்.

கத்தோலிக்கரின் தபசு காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு முந்திய திங்களும் செவ்வாயும் அவ்விழா நடைபெறுகிறது. திங்கள் விடியுமுன்னரே தலைநகர் போட் ஒவ் ஸ்பெயினின் தெருக்களில் மனிதரோடு பேய்களும் கலந்துவிடுகின்றன. உடலெங்கும் கரும்புப்பாகோ சேறோ பூசி, கொம்பும் வாலும் சங்கிலியுமாகத் தகர ஓசைக்கு ஆடி, காசு தராதோர்மீது கறை பூச நெருங்குகிறது ‘ஜாப் மொலாசி’ என்னும் பாகுப் பிசாசு. நெடிய மரக்கால்களில் நடந்து மாடியில் நிற்போரிடமும் காசு பெறுகிறது ‘மோக்கோ ஜம்பி’. ஒரு கால் மாட்டுக் குளம்பாயமைந்த அழகி ‘லா ஜாப்லெஸ்’, தோலைக் கழற்றித் தீப்பந்தாய்ப் பறந்து குருதி குடிக்கும் கிழவி ‘சூக்குயாந்’, ஞானஸ்நானம் பெறாது இறந்த குழந்தையின் ஆவியான, பாதம் பின்னோக்கித் திரும்பிய ‘டுவென்’ ஆகியனவும் வேடங்களாக உலவுகின்றன.

இவை எங்கிருந்து வந்தன? 1783இல் ஸ்பானிய முடி விடுத்த கட்டளை, கத்தோலிக்கக் குடியேறிகளுக்கு நிலம் வழங்கியது. கொண்டுவரும் அடிமைகளின் தொகைக்கேற்ப நிலமும் பெருகிற்று. பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகள் அடிமைகளுடன் வந்திறங்கினர். 1797இல் தீவு பிரித்தானியர் கைக்கு மாறியது, சவுக்கு மாறவில்லை. முதலாளிகள் மாளிகைகளில் முகமூடி நடனமாடினர். தோட்ட அடிமைபோல் வேடமிட்டு மகிழ்வதும் அவர்தம் பொழுதுபோக்காயிருந்தது. அடிமைக் குடிசைகளிலோ மேற்கு ஆபிரிக்க ஆவிகளும் பிரெஞ்சு நாட்டார் கதைகளும் ஒன்று கலந்தன.

1838 ஓகஸ்ட் 1இல் முழு விடுதலை கிடைத்தது. அடிமைகளை இழந்ததற்கு ஈடாகப் பேரரசெங்குமுள்ள உடைமையாளருக்குப் பிரித்தானிய அரசு 2 கோடி பவுண் ஒதுக்கியிருந்தது. உழைத்தோருக்கு ஒரு சதமேனும் இல்லை. விடுதலை பெற்றோர் விழாவைத் தெருவுக்குக் கொணர்ந்தனர். கரும்புத் தோட்டம் தீப்பற்றுகையில் தம்மைச் சவுக்கால் திரட்டிய கொடுமையை, பந்தமும் முரசும் ஏந்திய ‘கன்புலே’ ஊர்வலமாக்கினர். இப்பின்னணியிற் பார்க்கும்போது, பாகுப் பிசாசு நீட்டும் கை இரவலன் கையன்று. கணக்குக் கேட்கும் கை என்றே நாம் கொள்ளவேண்டும்.

ஆட்சியாளர் அஞ்சியதும் பேய்க்கன்று, கூடிய மக்களுக்கே. 1881இல் கன்புலேயை அடக்க வந்த பொலிசாரை மக்கள் எதிர்த்து நின்றனர். 1884இல் பந்தமும் முரசும் சட்டத்தால் ஒடுக்கப்பட்டன. அதே ஆண்டு ஒக்டோபர் 30இல், சான் பெர்னாண்டோவில் தடையை மீறி முஹர்ரம் ஊர்வலஞ் சென்ற இந்தியத் தொழிலாளர்மீது துப்பாக்கி வெடித்தது, பலர் மாண்டனர். 1845 முதல் கல்கத்தாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாய்க் கொண்டுசெல்லப்பட்ட அம்மக்களுள் தமிழரும் இருந்தனர். இரு இனத்தவரையும் ஒரே கரும்பு பிழிந்தது. ஒரே ஆட்சி ஒடுக்கியது. முரசை இழந்த மக்கள் மூங்கிற் குழாய்களைத் தட்டினர். 1930களிலும் 1940களிலும் தகரக் கலன்களிலிருந்து எஃகுப் பறையை உருவாக்கினர்.

எனினும் நாட்டார் மரபனைத்தையும் போற்றுவது நம் கடனன்று. தனித்து வாழும் முதியவளைச் சூக்குயாந் என ஐயுறும் கதையில், ஒடுக்கப்பட்டோர் தம்மினும் எளியாரை ஒடுக்கிய வடுவும் உண்டு. மாறாக, பெயரின்றி மடிந்த தோட்டக் குழந்தைகளின் துயரை டுவென் கதையில் நாம் உணரலாம். இவ்விரண்டையும் பகுத்தறிவதே ஆய்வு.

இன்று அவ்விழா சுற்றுலா வாணிபத்தின் பெருஞ்சரக்காகவும் ஆகியுள்ளது. பளபளக்கும் உடைகளை விலை கொடுத்து வாங்கியோர் கயிற்றுக்குள் ஆட, வாங்க இயலாதோர் வெளியே நிற்கின்றனர். அவ்வேளையிலும் பாகு பூசிய பிசாசுக்குச் செலவேதுமில்லை. சேறும் தகரமும் இருக்கும்வரை அது தெருவுக்கு வரும். தரப்படாத கூலியை நினைவூட்டும்.