கலந்த மருந்தும் மறுநாளும்

கலந்த மருந்தை மறுநாளைக்கு மிச்சம் வைக்காதே. இரும்புக் கரண்டியை அறைக்குள் கொண்டுபோகாதே. நைலான் சேலை வேண்டாம், பருத்தி கட்டு. சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்துப் பட்டாசு ஆலைகளில் புதிதாக வேலைக்கு வருகிறவருக்குக் கிடைக்கும் படிப்பு இவ்வளவுதான்.

கேட்டால் பாட்டி வைத்தியம் மாதிரி இருக்கும். ஆனால் முதல் வரியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அலுமினியப் பவுடரும் நைட்ரேட்டும் கலந்த மருந்தில் ஈரம் ஏறினால் உள்ளுக்குள் மெதுவாகச் சூடு பிடிக்கும். ராத்திரி முழுக்க அது பாட்டுக்கு நடக்கும். காலையில் வந்து கை வைக்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. வேதியியலில் ஒரு பக்கம் எடுக்கிற விஷயத்தை யாரோ நாலு சொல்லில் அடக்கியிருக்கிறார்கள். நான் மென்பொருள் எழுதுகிறவன். பழைய கோடில் ‘இந்த வரியைத் தொடாதே’ என்று குறிப்பு கிடந்தால், அதற்குப் பின்னால் எவரோ விடிய விடிய முழித்த கதை இருக்கும். இங்கே கதையின் விலை உயிர்.

இந்த ஊரின் தொழிலே கைப்பழக்கமாக வந்ததுதான். 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைப் பார்த்துக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். பட்டாசு அதன் பின்னால் வந்தது. வெடிபொருள் சட்டம் 1884லேயே இருந்தது. ஆனாலும் சட்டம் மெதுவாகத்தான் நடக்கும். குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்தால் சும்மா தேய்த்தாலே பற்றும் என்று பிரிட்டன் 1894இல் அந்தக் கலவையைத் தடை செய்தது. இந்தியாவில் அந்தத் தடை 1992இல் வந்தது. இடைப்பட்ட காலத்தில் மருந்து அறையில் அனுபவசாலியின் வாய்ச்சொல்லுக்கு இருந்த மதிப்பை யோசித்துப் பாருங்கள்.

விபத்து நடந்தால் செய்தியில் ‘உராய்வு காரணம்’ என்று போடுவார்கள். எனக்கு அது போதாது. உராய்வு கடைசி நொடி மட்டும்தான். அதற்கு முன்னால் தீபாவளி அவசரம் இருக்கிறது, உள்குத்தகை இருக்கிறது, நாலு பேர் அறையில் பத்துப் பேர் இருக்கிறார்கள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் கிட்டத்தட்ட 40 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் முதல் வெடிச் சத்தம் கேட்டு உதவவும் பார்க்கவும் ஓடி வந்தவர்கள். ‘வெடிச்சா எட்டிப் பார்க்காதே, விலகி ஓடு’ என்பதும் பழைய புத்திமதிதான். வேலைக்காரர்களுக்குச் சொன்னார்கள், ஊருக்குச் சொல்லவில்லை.

எண்ணிக்கைக்குக் கூலி வாங்குகிறவர் சாயங்காலம் மிஞ்சிய மருந்தை அழித்தால் அந்த நஷ்டம் யார் கணக்கில் எழுதப்படுகிறது? ஃபோர்மேன் சொல்லும் புத்திமதி செல்லுபடியாவது அந்தக் கணக்கைப் பொறுத்துத்தான்.