கோலம் இல்லாத வளரி

எங்கள் தலைமுறைக்கு எழும்பூர் மியூசியம் என்றால் 'செத்த காலேஜ்'தான். கோபாலபுரத்திலிருந்து பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் போய்விடலாம். 1885 முதல் 1908 வரை அதன் தலைவராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றி 1909-ல் அவர் வெளியிட்ட ஏழு தொகுதி நூலில் நம்முடைய வளரியைப் பற்றி ஒரு குறிப்பு உண்டு. தஞ்சாவூர் அரண்மனை ஆயுதசாலையிலிருந்து மியூசியத்துக்கு வந்தவை மூன்று. இரண்டு தந்தம், ஒன்று மரம் என்கிறார்.

வளரி பிறை வடிவமானது. ஒரு முனை கனம், மறுமுனை லேசு. லேசான முனையைப் பிடித்துத் தோளுக்கு மேல் சுழற்றி வீசுவார்கள். முயலும் காட்டுக்கோழியும் அதற்கு இரை. மறவர், கள்ளர் சீமைகளில் அது போர்க்கருவியும்கூட. சின்ன மருது தனக்கு அதை எறியக் கற்றுக்கொடுத்ததாக, கம்பெனிப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் 1830-ல் வெளியிட்ட தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்.

இதன் ஒன்றுவிட்ட அண்ணன் மாதிரி இருப்பது ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் பூமராங். வேட்டைக்கு எறிவதில் பெரும்பாலானவை, சினிமாவில் காட்டுவதுபோல் கைக்குத் திரும்பி வராது. நம்முடையதிலிருந்து வேறுபடுவது அதன் மேலுள்ள வேலைப்பாடுதான். நடு ஆஸ்திரேலியப் பாலை மக்கள் கல் உளியால் நீளவாக்கில் வரிவரியாகப் பள்ளம் இழைத்தார்கள். தென்கிழக்குப் பகுதியினர் பாசம் என்ற சிறு மரவிலங்கின் பல்லை வைத்தே கட்டம் கட்டமாகவும், மீன்முள் போலவும் கோடு கீறினார்கள். இது வெறும் அழகுக்காக அல்ல. இன்னார் குலம், இன்ன மண் என்று தெரிந்தவர்களுக்குச் சொல்லும் அடையாளமாகவும் பல கோலங்கள் இருந்தன.

நான் பார்த்த மர வளரிகளில் அப்படி ஒரு கீறல்கூடக் கிடையாது. வழவழவென்று இருக்கும். நம்மவர்களுக்கு மரியாதை இல்லாமலா? இல்லை. அந்த மரியாதையைச் செதுக்கிக் காட்டாமல் பூஜை அறையில் வைத்தார்கள். 1801-ல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட பிறகு, ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்லிக் கம்பெனி அரசு அறிக்கை விட்டது. அப்படியும் பல வீடுகளில் வளரி தங்கியது. ஆயுத பூஜையன்று எடுத்து, சுரண்டித் துடைத்து, மறுபடி வைத்துவிடுவார்கள் என்று புதுக்கோட்டை திவான் தர்ஸ்டனுக்குத் தகவல் எழுதினார். எறியத் தெரிந்த நிபுணர் அங்கே யாரும் இல்லை என்றும் அதே கடிதத்தில் சொன்னார்.

கோலம் செதுக்கிய கட்டை தன் ஊரைத் தானே ஓரளவாவது சொல்லும். கோலம் இல்லாத கட்டைக்கு வீட்டுப் பெரியவர்தான் வாய். அவர் போய்விட்டால் அது வெறும் வளைந்த குச்சி.

சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் பூர்வீகம் உள்ள நண்பர்கள் இங்கே நிறையப் பேர் படிக்கிறீர்கள். வரும் ஆயுத பூஜைக்கு வளரியைச் சுரண்ட வேண்டாம். பிடித்த கையின் தேய்மானம்தான் அதில் மிச்சமிருக்கும் ஒரே கையெழுத்து. துணியால் துடைத்து, ஒரு போட்டோ எடுத்து, யாருடையது, எந்த ஊர் என்று ஒரு தாளில் எழுதி அதன் பக்கத்திலேயே வையுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு அது போதும்.