உறுவையாற்றுக் கரையில் ஒரு கொம்யூன்: நிலமும் வரலாறும் மக்களும்

‘கொம்யூன்’ என்னும் சொல் தமிழகத்துச் சிற்றூர்களில் வழங்குவதில்லை. புதுவை உழவருக்கோ அது குடிநீர், தெருவிளக்கு, பிறப்பு இறப்புப் பதிவு ஆகியவற்றோடு கலந்துவிட்ட வீட்டுச் சொல். பிரெஞ்சியர் விட்டுச் சென்ற சொற்களுள் நாட்டுப்புறத்தில் ஆழ வேரூன்றியது இதுவே எனலாம். உறுவையாறு என்னும் சிற்றூரைத் தன்னகத்தே கொண்ட வில்லியனூர்க் கொம்யூனையும் அதன் அண்டைப் பகுதியான பாகூரையும் நோக்கின், இச்சொல்லின் பின்னே நிற்கும் வரலாறு விளங்கும்.

நிலமும் நீரும்

பிரான்சில் மலையூர்க் கொம்யூன்கள் பல உண்டு. புதுவையில் மலை என்று சொல்லத்தக்கது யாதும் இல்லை. கோரிமேட்டுச் செம்மண் மேட்டையே பிரெஞ்சியர் ‘செம்மலைகள்’ என்றனர். அதன் உயரமோ சில பத்து மீட்டரே. எனினும் இந்நிலத்தை வளர்ப்பது மலையே. செஞ்சி மலைப்பகுதியில் தோன்றும் சங்கராபரணி, செஞ்சியாறு எனவும் வராக நதி எனவும் பெயர் பூண்டு, கல்மரங்களுக்குப் பெயர்பெற்ற திருவக்கரையைக் கடந்து, வில்லியனூர்ப் பகுதியை நனைத்து, அரியாங்குப்பத்தாறு, சுண்ணாம்பாறு எனக் கிளைத்துக் கடலை அடைகிறது. உறுவையாறு தன் பெயரிலேயே ஆற்றைத் தாங்கி நிற்கிறது.

ஆற்றை ஏரியோடு இணைத்ததே இந்நிலத்தார் அறிவு. சங்கராபரணியின் நீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியே ஊசுட்டேரியைச் சேர்கிறது. தென்பெண்ணையின் சொர்ணாவூர் அணையிலிருந்து பிரியும் பங்காரு வாய்க்கால் பாகூர் ஏரியை நிரப்புகிறது. பாகூர் ‘புதுவையின் நெற்களஞ்சியம்’ எனப்படுவது இவ்வாய்க்காலின் கொடை. ஊசுட்டேரியின் புதுவைப் பகுதி 2008இல் பறவைகள் புகலிடமாக அறிவிக்கப்பட்டது.

செப்பேடும் கல்வெட்டும்

1879இல் பாகூரில் கிடைத்த செப்பேடுகள் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டைச் சார்ந்தவை. பாகூரில் இயங்கிய வித்தியாத்தானம் ஒன்றிற்கு மூன்று ஊர்களைக் கொடையாக அளித்த செய்தியை அவை வடமொழியிலும் தமிழிலும் உரைக்கின்றன. போர்ச் செய்தியன்று, கல்விச் செய்தியே இம்மண்ணின் பழம்பெருமை என்பது கருதத்தக்கது. இப்பெருமை தொடர்ந்தமைக்குத் திருபுவனைக் கல்வெட்டே சான்று. சோழன் முதலாம் இராசாதிராசன் காலத்தில் அங்கு 260 மாணாக்கரும் 12 ஆசிரியரும் கொண்ட கல்லூரி இருந்ததை அது காட்டுகிறது. ஊரின் விளைச்சல் ஊரின் கல்வியைத் தாங்கிய காலம் அது.

கைமாறிய ஊர்கள்

1749இல் ஆம்பூர்ப் போரில் பிரெஞ்சியர் துணையோடு வென்ற சந்தா சாகிபு, நன்றிக்கடனாக வில்லியனூர்ப் பகுதியை அவர்களுக்கு வழங்கினார். பாகூரும் அவர்கள் கைக்கு வந்தது. கடற்கரைக் கோட்டைக்கு அதன்பிறகே நெல்விளையும் பின்னிலம் கிட்டியது. ஆகவே, கோட்டையை வீழ்த்த எண்ணியவர் முதலில் ஊர்களையே பறித்தனர். 1760 சூலையில் வில்லியனூர் ஆங்கிலேயர் வயமாயிற்று; ஆறு திங்களில் புதுவையும் வீழ்ந்தது. பல முறை கைமாறிய பின், 1816இல் இவை மீண்டும் பிரெஞ்சியரிடம் வந்தன. அப்போது ஊர்கள் ஒரே பரப்பாக அமையவில்லை. ஒட்டுத்துணி போல ஆங்கில எல்லைக்குள் சிதறிக் கிடந்தன. ஒரே மொழி பேசி ஒரே ஆற்றில் நீராடிய மக்கள் இரு பேரரசுகளின் குடிகளாயினர்.

மன்றம் வந்தது

1880 மார்ச்சு 12ஆம் நாள் ஆணையால் பிரெஞ்சிந்தியாவில் பத்துக் கொம்யூன்கள் தோன்றின. வில்லியனூரும் பாகூரும் அவற்றுள் அடங்கும். 1907இல் அவை பதினேழாகப் பெருகின. தேர்ந்தெடுத்த மன்றமும் அதன் தலைவராகிய மேயரும் ஊர்ப்புறத்திற்கு வந்தது புதுமையே. ஆயின் அது முழு மக்களாட்சி ஆகிவிடவில்லை. ஐரோப்பியரையும் இந்தியரையும் வெவ்வேறு வாக்காளர் பட்டியலில் வைத்த ஏற்பாடு நெடுங்காலம் நீடித்தது. செல்வாக்குடையோர் கையில் வாக்குரிமை கருவியானதும் உண்டு.

இருப்பினும், வேற்றரசு அமைத்த இம்மன்றங்களே இறுதியில் அவ்வரசுக்கு விடைகொடுத்தன. 1954 மார்ச்சில் புதுவைக் கொம்யூன் மன்றங்கள் இந்தியாவோடு இணையத் தீர்மானங்கள் இயற்றின. அதே ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள், வில்லியனூர்க் கொம்யூனைச் சார்ந்த கீழூரில் சார்பாளர் அவையினரும் மன்ற உறுப்பினருமாக 178 பேர் கூடினர். இணைப்பிற்கு ஆதரவாக 170 பேரும் எதிராக 8 பேரும் வாக்களித்தனர். நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறியது. சட்டமுறை இணைப்பு 1962 ஆகத்து 16இல் நிறைவெய்தியது. பெருநகர் மாளிகையில் அன்றி, வயல் சூழ்ந்த சிற்றூரில் ஒரு நாட்டின் விடுதலை முடிவானது எண்ணியெண்ணி மகிழத்தக்கது.

மக்களும் பாவலரும்

வில்லியனூரின் சமயப் பன்மை அதன் தெருக்களிலேயே விளங்கும். திருக்காமீசுவரர் கோயில், 1877இல் நிறுவிய தூய லூர்து அன்னை திருத்தலம், இசுலாமியர் மிகுந்து வாழும் சுல்தான்பேட்டை ஆகியன அண்டை அண்டையாக உள்ளன. திருக்காமீசுவரர் தேர்த் திருவிழாவில் பிரெஞ்சு ஆளுநரே வடம் பிடித்த வழக்கம் இந்திய ஆட்சியிலும் தொடர்ந்தது. திருக்காஞ்சியில் மாசி மகத்தன்று சங்கராபரணிக் கரை நிறைந்துவிடும்.

பாவேந்தரின் மாணாக்கராகிய கவிஞரேறு வாணிதாசன் 1915இல் வில்லியனூரில் பிறந்து, பாகூர்ப் பகுதிச் சேலியமேட்டில் வாழ்ந்தார். ‘தமிழச்சி’, ‘கொடிமுல்லை’ முதலியவற்றைத் தந்த அவரது இயற்கைப் பாட்டின் பச்சை, இவ்வயல்களின் பச்சையே. கழனியும் ஏரியும் இல்லையேல் அவர் கவிதை வேறாகியிருக்கும்.

வாய்ப்பூட்டு

கீழூரில் நாட்டின் முடிவைச் சொன்ன இம்மண்ணின் உள்ளாட்சி, அதன்பின் நெடிது வாய்மூடியிருந்தது. 1968இல் நடந்த உள்ளாட்சித் தேர்தலுக்குப் பின் 38 ஆண்டுகள் கழித்து 2006இலேதான் அடுத்த தேர்தல் நடந்தது. 2011இல் அவ்வுறுப்பினர் காலம் முடிந்தது. 2021இல் அறிவித்த தேர்தலும் நடைபெறவில்லை. ஏரிக்கரை உடைந்தால் யாரிடம் முறையிடுவது என்பதை ஊரார் தாமே தேர்ந்த ஒருவர் முகத்தைக் கொண்டு அறிய இயலாத நிலை, 1880க்கு முந்திய நிலையினும் பெரிதும் வேறன்று.

செப்பேடு கொடுத்த ஊர், தேர்வடம் பிடித்த ஊர், வாக்கால் விடுதலை பெற்ற ஊர் என இதனைப் பாடுவோர் உளர். வாய்க்காலைத் தூர்வாரவும் மன்றத்தைக் கூட்டவும் உரிமை பெற்ற ஊர் எனப் பாடும் நாளே அப்பாடல்கள் முழுமை பெறும் நாள்.