துரை ஊருக்குக் கடிதம் போட்டார், லயத்துக்கு யார் போட்டது?

1852 பெப்ரவரியில் ஜேம்ஸ் டெய்லர் கொழும்பில் வந்து இறங்கும்போது அவருக்கு வயசு 16. ஸ்கொட்லாந்தில் ஒரு சாதாரணக் குடும்பத்துப் பையன். மூன்று வருஷ ஒப்பந்தம், வருஷத்துக்கு 100 பவுண் சம்பளம், கண்டி மலைப் பக்கம் கோப்பித் தோட்டத்தில் சின்னத்துரை வேலை. பிறகு 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டதும் இவர்தான். இவ்வளவும் பள்ளிக்கூடப் புத்தகத்தில் படிச்சதுதான். 1892இல் அதே தோட்டத்தில் வயிற்றுளைச்சலில் இறந்தார். இந்த நாற்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் ஊருக்குத் திரும்பிப் போகல்ல.

ஊருக்குப் போகாத மனுஷன், ஊருக்குக் கடிதம் போட்டார். தகப்பனுக்கும் வீட்டாருக்கும் அவர் எழுதின கடிதங்கள் இன்றைக்கும் எடின்பரோவில் ஸ்கொட்லாந்து தேசிய நூலகத்தில் பத்திரமாக இருக்கு. அவற்றை வைச்சுத்தான் அவருடைய வாழ்க்கை வரலாற்றையே எழுதினாங்க. சூயஸ் கால்வாய் 1869இல்தான் திறந்தது. அதுக்கு முதல் ஒரு கடிதம் கடல் கடந்து போய், பதில் திரும்பி வர மாசக்கணக்காகும். அந்தப் பொறுமையோட எழுதின தாள்களை வாசிச்சுப் பத்திரப்படுத்த அங்க ஒரு வீடு இருந்தது, வீட்டுக்குப் பிறகு ஒரு நூலகம் இருந்தது. நாங்க இங்க பேச நினைக்கிறது, அதே தோட்டத்தில் அதே காலத்தில் லயத்தில் இருந்தவங்களின் கடிதங்கள் எங்கே என்பதைப் பற்றி.

அந்த ஆட்கள் வந்த விதத்தைக் கொஞ்சம் பாருங்க. திருச்சி, மதுரை, தஞ்சாவூர், இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் பஞ்சம் வரும்போதெல்லாம் கூட்டம் கூட்டமாகக் கிளம்பினாங்க. தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளை வரைக்கும் நடை. கொலராவும் காய்ச்சலும் பசியும் வழி முழுக்கக் கூடவே வந்தன. டெய்லர் காய்ச்சலில் படுத்திருந்தா அவருக்கே பேனா எடுக்கத் தெரியும், இல்லாட்டி பக்கத்துத் தோட்டத்துத் துரை ஒருத்தர் எழுதிப் போடுவார். மெதவாச்சிக் காட்டில் விழுந்து செத்தவருக்காக இராமநாதபுரத்துக்குக் கடிதம் போட யாரும் இல்ல. கங்காணி அடுத்த தடவை ஆள் சேர்க்க ஊருக்குப் போகும்போது வாயால் சொன்னாத்தான் உண்டு. செய்தி கொண்டு போறவரும் அவர்தான், கடன் கொடுத்தவரும் அவர்தான். எதைச் சொல்வார், எதை மறைப்பார் என்பதை நீங்களே யோசிச்சுக்கொள்ளுங்க.

அதுக்காகத் தோட்டத்தில் காகிதமே இல்லை என்று நினைக்கக் கூடாது. காகிதம் நிறைய இருந்தது. ஆனால் அது தொழிலாளி எழுதின காகிதம் இல்ல, தொழிலாளியைப் பற்றி எழுதின காகிதம். விடியற்காலையில் தப்புச் சத்தத்தில் எழும்பி பெரட்டுக்களத்தில் போய் நின்றால் செக்ரோலில் பேர் விழும். முழு நாள் வேலை செய்தால் ஒரு பேர், நிறை குறைஞ்சால் அரைப் பேர். ஒரு மனுஷனுடைய நாளையே 'பேர்' என்று சொன்ன இடம் அது, ஆனால் அந்தப் பேருக்கு உரிய ஆள் யார் என்பது கணக்கில் பெரிசா முக்கியம் இல்ல.

இதைவிட மோசமானது துண்டு. ஒரு குடும்பம் எவ்வளவு கடன் பட்டிருக்கு என்று ஒரு தாளில் எழுதித் தருவாங்க. வேறு தோட்டத்துக்குப் போகணும் என்றால் அந்தத் துண்டு வேணும், அங்கத்துத் துரை அந்தக் கடனைக் கட்டிப்போட்டு ஆளை எடுத்துக்கொள்வார். கடன் தீராது, தோட்டம் மட்டும் மாறும். 1921இல்தான் இந்த முறையைச் சட்டம் போட்டு ஒழிச்சாங்க. அதுக்கு முதல், 20ஆம் நூற்றாண்டு தொடங்கும்போது தகரத் துண்டு என்று இன்னொன்று வந்தது. தோட்டத்தின் அடையாளமும் இலக்கமும் குத்தின தகரம். அதைக் காட்டினால் வழிச்செலவு இல்லாமல் தோட்டத்துக்கு வந்து சேரலாம், செலவு கடனில் ஏறும். டெய்லருடைய பெட்டியில் தகப்பனுடைய கடிதம் இருந்திருக்கும். வந்திறங்கின தொழிலாளியிடம் இருந்த ஒரே எழுத்து அந்தத் தகரத்தில் குத்தினதுதான்.

இதே பிரச்சினை அமெரிக்காவின் தென்பகுதித் தோட்டங்களிலும் இருக்கு. உள்நாட்டுப் போருக்கு முந்தின ஜோர்ஜியாவில் சார்ல்ஸ் கோல்கொக் ஜோன்ஸ் என்ற பாதிரியார் குடும்பத்துக்கு மூன்று தோட்டங்கள், நூற்றுக்கு மேலே அடிமைகள். அந்தக் குடும்பம் தங்களுக்குள் எழுதின கடிதங்கள், 1854இல் இருந்து 1868 வரை, 1972இல் பெரிய புத்தகமாக வந்தன. நெல் விளைச்சல், பிள்ளைகளின் படிப்பு, காய்ச்சல், ஜெபம், எல்லாம் அதில் இருக்கு. அன்பான குடும்பம் என்றுதான் வாசிக்கிறவருக்குத் தோணும். அதே குடும்பம்தான் 1850களின் நடுவில் ஒரு பெண் தப்பி ஓடினதும், அவளையும் அவளுடைய தாயையும் தகப்பனையும் வித்துப்போட்டது. வித்தவங்க நியூ ஓர்லியன்ஸில் இருந்து 1857இல் ஒரு கடிதம் எழுதுவிச்சு அனுப்பினாங்க, பின்னால் விட்டுப் போன மகள்மாருக்கு சலாம் சொல்லச் சொல்லி. பீபி, கேஷ் என்று அந்தத் தாய் தகப்பனின் பேர். எழுத்துப்பிழை நிறைந்த அந்த ஒரு தாள், எசமான்களின் பெட்டிக்குள் கிடந்ததால்தான் தப்பிச்சது.

2005இல் அர்ஸ்கின் கிளார்க் என்ற வரலாற்றாசிரியர் அதே எசமான் கடிதங்களையே திரும்ப எடுத்து, இந்த முறை அடிமைகளின் குடும்பங்களைத் தேடி வாசிச்சார். யாருக்கு எப்போது பிள்ளை பிறந்தது, யாரை எந்தத் தோட்டத்துக்கு மாத்தினாங்க, யார் யாருக்குச் சொந்தம் என்று பொறுக்கிப் பொறுக்கி ஒரு வரலாறே எழுதினார். அந்த வாசிப்பு நமக்கும் வேணும் என்பது எங்கட கருத்து. மலையகத் தொழிலாளி சட்டப்படி அடிமை இல்ல (இலங்கையில் அடிமைமுறை 1844இல் ஒழிஞ்சது), அதனால் இரண்டையும் ஒன்று என்று சொல்ல வரல்ல. ஆனால் காகிதம் யார் கையில் இருந்தது என்ற கேள்வி இரண்டு இடத்திலும் ஒன்றுதான். டெய்லர் இறந்தபோது 24 பேர் மாறி மாறி அவருடைய பெட்டியைக் கண்டிக்குத் தூக்கிப் போனதாகவும், தொழிலாளர்கள் அவரை 'சாமி தொரை' என்று சொன்னதாகவும் திரும்பத் திரும்ப எழுதியிருக்கு. அந்த 24 பேரில் ஒருத்தருடைய பேரும் நாங்க வாசிச்ச எதிலும் இல்ல. தூக்கினவங்கட வாயால் அந்த நாளைக் கேட்டிருந்தா, சாமி என்ற சொல்லுக்கு வேறு அர்த்தமும் கிடைச்சிருக்கலாம்.

லயத்தில் எழுத்து வர நேரம் எடுத்தது. எழுத்து வந்த பிறகு எழுதுறதுக்குக் காரணமும் வந்தது. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவர் ஆக்கினது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரிச்சது, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று விட்டது. அண்ணன் கூடலூரில், தங்கச்சி ஹட்டனில். நாங்க தேட வேண்டிய மலையகக் குடும்பக் கடிதங்கள் உண்மையில் இந்தக் காலத்துடையவை. அதில் எத்தனை இப்போது மிச்சம் இருக்கும் என்று நினைச்சா பயமா இருக்கு, ஏனென்றால் நம்மட கரையில் நடந்ததை நாம பார்த்திருக்கிறோம். எழுபதுகளின் கடைசியில் இருந்து சவூதிக்கும் குவைத்துக்கும் போன உம்மாமாரும் வாப்பாமாரும் போட்ட கடிதங்களும், பேசி அனுப்பின கசட்டுகளும் கல்முனையில், மருதமுனையில், சாய்ந்தமருதில் அலுமாரி அலுமாரியாகக் கிடந்தன. 2004 டிசம்பர் 26 காலையில் கரையோர வீடுகளோட அவையும் போயிட்டுது. எழுதத் தெரியாத ராத்தாமாருக்கு அயல்வீட்டுப் பிள்ளை எழுதிக் கொடுத்த கடிதங்களும் அதில்தான்.

மலையகத்தில் இன்னொரு தடங்கலும் உண்டு, அது பழங்கதை இல்ல. லயத்து வீட்டுக்குத் தனி இலக்கம் இல்ல, தெருப் பேர் இல்ல. ஆளின் பேர், டிவிசன், தோட்டத்தின் பேர், தபால் கந்தோர், இவ்வளவுதான் விலாசம். கடிதம் தோட்டக் கந்தோருக்கு வந்து, அங்கிருந்துதான் லயத்துக்கு. பல்கலைக்கழக அனுமதிக் கடிதமும் நேர்முகப் பரீட்சைக் கடிதமும் நாள் கடந்து கைக்கு வந்த கதையை எங்கட பீடத்து மலையக நண்பர்கள் யாரிடம் கேட்டாலும் சொல்வாங்க. ஒரே பேரில் அந்த டிவிசனில் மூன்று பேர் இருந்தா, யாருக்கு வந்தது என்று முதலில் உறையைப் பிரிச்சுப் பார்க்கிறது மூன்று பேரில் ஒருத்தர்தான்.